தினம் ஒரு பொது அறிவுக் கேள்வி: குழுவில் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

‘தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?’ என்று ஒரு வாட்ஸப் குழுவில் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். 1920இல் சென்னை மாகாணத்தில் பதவியேற்ற சுப்பராயலு ரெட்டியார் என்பார் ஒருவர். சுதந்திரம் வந்தபோது பதவியில் இருந்தவர் ஓமந்தூரார்தானே என்பார் இன்னொருவர். குடியரசு ஆனபோது குமாரசாமி ராஜா, 1952இல் முதல் பொதுத்தேர்தல் முடிந்ததும் ராஜாஜி என்று அடுத்தடுத்து வரும். கடைசியில் ஒருவர் வந்து, “தமிழ்நாடு என்ற பெயரே 1969 ஜனவரி 14இல்தான் நடைமுறைக்கு வந்தது, ஆகவே அண்ணா” என்பார். ஐந்து விடைக்கும் நியாயம் இருக்கிறது. கேட்டவர் கையில் ஒரு விடைதான் இருக்கும். அன்று மாலை குழுவில் பொது அறிவு வளராது, சண்டைதான் வளரும்.

தினமும் ஒரு கேள்வி கேட்கத் தொடங்குகிறவர்கள் பலர் பத்துப் பதினைந்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டு. கையிருப்புத் தீர்ந்து, எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டுகளை எடுத்துப் போடத் தொடங்குவது ஒன்று. விடை தகராறாகி, அதோடு நம்பிக்கை போவது மற்றொன்று. கேள்வி பிடிப்பதில் பெரிய வித்தை இல்லை. அதில் உள்ள ஓட்டைகளை அடைப்பதில்தான் வேலை இருக்கிறது. ஒரு கேள்விக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடம் எழுதவும் பதினைந்து நிமிடம் சரிபார்க்கவும் போக வேண்டும்.

முதல் கேள்விக்கு முன்

முப்பது கேள்வி சேராமல் தொடங்காதீர்கள். காய்ச்சல், கல்யாணம், ரயில் பயணம் என்று ஏதாவது வரும். ஒரு மாதக் கையிருப்பு இருந்தால்தான் கண்டதை எடுத்துப் போடும் நிலை வராது. கூகுள் ஷீட் போதும். ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி. கேள்வி, விடை, ஏற்கக்கூடிய மாற்று விடைகள், எந்த நூல் அல்லது எந்த அரசு அறிவிப்பு, பக்க எண், சரிபார்த்த தேதி, துறை, கேட்ட தேதி, எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று கட்டங்கள். ‘சரிபார்த்த தேதி’ கட்டத்தை எல்லோரும் வீண் என்று விட்டுவிடுவார்கள். அதன் அருமை கீழே வரும்.

கேள்விகளை எங்கிருந்து எடுப்பது? தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகவே கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வரலாறு, புவியியல், அறிவியல் புத்தகங்களைப் புரட்டினாலே ஓராண்டுக்குச் சரக்கு இருக்கிறது. ஆனால் குழுவில் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு அது மனப்பாடம். உங்கள் கேள்வி முடிவதற்குள் விடை வந்துவிடும். அப்போது தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்குப் போங்கள். 1950களிலும் 60களிலும் வந்தது. புள்ளிவிவரங்கள் பழையவை, ஆனால் தாவரம், விலங்கு, கலை, பண்டை வரலாறு ஆகியவற்றில் இன்றும் எடுக்க நிறைய இருக்கிறது. நடப்புச் செய்திக்கு மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழிலும் அறிக்கை தருகிறது. நாளிதழ்ச் செய்தியைப் பார்த்துக் கேள்வி எழுதினாலும் ஒரு வாரம் ஊறவிட்டுக் கேளுங்கள். முதல் நாள் செய்தியில் எண்ணும் பெயரும் மாறுவது சகஜம்.

விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், அங்கேயே முடிக்கக் கூடாது. இரண்டு ஆதாரம் வேண்டும் என்பார்கள். அதிலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு வேண்டும். பத்து இணையதளங்களில் ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தால் அது பத்து ஆதாரம் இல்லை, ஒன்று.

ஓட்டை அடைப்பது

மூன்று இடங்களில் ஓட்டை விழும்.

முதலாவது, காலம். இந்தியாவில் யூனியன் பிரதேசங்கள் எத்தனை? 2019 அக்டோபர் 30 வரை ஏழு. மறுநாள் ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் சேர்ந்து ஒன்பது. 2020 ஜனவரி 26 முதல், தாத்ரா நகர் ஹவேலியும் தாமன் தையூவும் ஒன்றானதால் எட்டு. மூன்று மாத இடைவெளியில் மூன்று விடை. தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32 என்று அச்சான புத்தகங்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. 2019இல் ஐந்து மாவட்டங்கள் பிறந்தன, 2020இல் மயிலாடுதுறை, இப்போது 38. செம்மொழிகள் ஆறு என்பது 2024 அக்டோபரில் பதினொன்றாகிவிட்டது. கஜகஸ்தானின் தலைநகரம் அஸ்தானா. 2019இல் நூர் சுல்தான் ஆனது. 2022இல் திரும்பவும் அஸ்தானா. ஊர் அதே ஊர்தான். ‘எத்தனை’, ‘தற்போதைய’, ‘மிகப் பெரிய’ என்று வரும் கேள்விகளையெல்லாம் ஷீட்டில் வேறு நிறத்தில் குறித்துவையுங்கள். அனுப்பும் நாளன்று காலையில் அவற்றை மறுபடி பாருங்கள். உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பற்றிய கேள்விக்கும் இதேதான். சரிபார்த்த தேதி ஆறு மாதத்துக்கு முன்னால் இருந்தால் கேள்வி பழசு என்று கொள்ளுங்கள்.

இன்னும் நல்ல வழி, விடை மாறாதபடி கேட்பது. ‘தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்?’ என்பதைவிட ‘2020இல் உருவான தமிழ்நாட்டு மாவட்டம் எது?’ என்பது என்றைக்கும் நிற்கும்.

இரண்டாவது, எல்லைச்சொல். ‘முதல்’, ‘பெரிய’, ‘நீளமான’ என்ற சொற்கள் வரும்போதெல்லாம் எதில், எந்த அளவில் என்று சேர்க்க வேண்டும். உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாரா என்று எழுதினால், அண்டார்டிகா என்று ஒருவர் வருவார். அவர் சொல்வது சரி, மழைப்பொழிவை வைத்துப் பார்த்தால் அதுதான் பெரியது. ‘வெப்பப் பாலைவனம்’ என்று எழுதியிருந்தால் வழக்கே இல்லை. தமிழில் முதலில் அச்சான நூல் எது என்ற கேள்வியும் இப்படித்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்பது உங்கள் விடையாக இருக்கும். 1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானதே என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். அது ரோமன் எழுத்தில் அச்சான தமிழ். ‘தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்’ என்று ஒரு சொல் கூட்டினால் இருவருக்கும் நிம்மதி. சிகரக் கேள்வியும் அப்படியே: தென்னிந்தியாவில் உயரமானது ஆனைமுடி, 2695 மீட்டர், கேரளத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2637 மீட்டர், தமிழ்நாட்டளவில் அதுதான் முதல். எந்த எல்லைக்குள் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

உலகின் நீளமான ஆறு நைலா அமேசானா என்பதுபோல் வல்லுநர்களே முடிவு செய்யாத கேள்விகளை அடியோடு தவிர்க்கலாம். ‘உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை மெரினா’ போன்றவற்றையும்தான். கடற்கரையை எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள் என்று கேட்டால் சொல்ல முடியாது.

மூன்றாவது, எல்லோரும் நம்பும் தவறு. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்பதைச் சிறுவயதிலிருந்து படித்திருக்கிறோம். அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று 2012இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த கேள்விக்கு மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. தேசிய மொழி இந்தி என்பதும் அப்படித்தான்: அரசமைப்பின் 343ஆவது பிரிவு சொல்வது ஒன்றியத்தின் அலுவல் மொழியைப் பற்றி. தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 சி.வி. ராமனின் பிறந்தநாள் என்று நினைப்பவர்கள் ஏராளம். அவர் பிறந்தது நவம்பர் 7; பிப்ரவரி 28 என்பது 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். இந்த வகைத் தவறுகள் உங்களுக்குப் பொக்கிஷம். தவறான விடையையே ஒரு ஆப்ஷனாக வைத்துக் கேட்கலாம். ஆனால் விளக்கம் தயாராக இல்லாமல் கேட்கக் கூடாது. குழுவில் பாதிப்பேர் உங்களைத்தான் தப்பு என்பார்கள்.

யோசிக்க வைக்கும் கேள்வி

கூகுளில் பத்து விநாடியில் கிடைக்கும் விடைக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி எழும். பார்த்துச் சொல்பவர்களைத் தடுக்க முடியாது, தடுக்க முயல்வதும் வீண். தேடாமலே விடைக்குப் போக முடியும் என்ற ஆசையைக் கேள்வி தர வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தகவலை எடுப்போம். முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினரானார். ‘பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் யார்?’ என்று கேட்டால் தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. இப்படி மாற்றலாம்: ‘மருத்துவரான இவர் 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்தார். 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் நிதியுதவித் திட்டத்துக்கு இவர் பெயர். யார்?’ முதல் வரி தெரியாதவருக்கும் மூன்றாவது வரியில் பொறி தட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் படிவம் நிரப்பிய எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். கடினமான குறிப்பு முதலில், எல்லோர் வாழ்க்கையிலும் படுகிற குறிப்பு கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் முதல் வரியிலேயே விடை வந்து மற்ற இரண்டு வரியையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

சொற்பிறப்பும் இதற்கு நன்றாக உதவும். ‘ஆங்கிலேயர்கள் ‘மல்லிகடானி’ என்று ஒரு சூப் குடிக்கிறார்கள். அது எந்தத் தமிழ்ச் சொல்லின் திரிபு?’ இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் மிளகுத்தண்ணீர் வந்துவிடும். அகராதி வேண்டாம். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் வீட்டில் உள்ளவர்களும் போனை எட்டிப் பார்ப்பார்கள்.

கடினம் எவ்வளவு இருக்கலாம்? பத்துப் பேர் முயன்றால் ஐந்து முதல் ஏழு பேர் சரியாகச் சொல்லும் அளவு சரி. எல்லோருக்கும் தெரிந்தால் சப்பென்று இருக்கும். மூன்று பேருக்கும் கீழே போனால் மற்றவர்கள் வாயைத் திறக்கவே யோசிப்பார்கள், மறுநாள் கேள்வியைத் திறக்காமலே கடந்துவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று வையுங்கள், கஷ்டமானதைக் கேட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு நடுப்பகலில் ஒரு துப்பு கொடுத்துவிடுங்கள்.

ஆப்ஷன் எழுதும்போது

நான்கு போதும். நான்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும்: ஆறு கேட்டால் நான்கும் ஆறு, அதிலும் ஒரே பகுதியின் ஆறுகள். கல்லணை எந்த ஆற்றில் என்று கேட்டுவிட்டு காவிரி, கங்கை, நைல், தேம்ஸ் என்று போட்டால் அது கேள்வியே இல்லை. காவிரி, வைகை, தென்பெண்ணை, பாலாறு என்றாலும் எளிதுதான், ஆனால் ஒருகணமாவது கண் நிற்கும். புதிதாக எழுதுபவர்கள் தம்மையறியாமல் சரியான விடையை மட்டும் நீளமாக, விவரமாக எழுதிவிடுவார்கள். படிக்காமலே அதைத் தொடுவதற்கு ஆள் உண்டு. விடையை மூன்றாவது இடத்தில் ஒளிக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. பகடை உருட்டி இடத்தைத் தீர்மானியுங்கள், வெட்கமில்லை. ‘மேற்கண்ட அனைத்தும்’ வேண்டாம். ‘பொருந்தாதது எது’ என்று எதிர்மறையாகக் கேட்டால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சிறிய திரையில் ‘அல்லாதது’ கண்ணில் படாமல் போகும்.

ஆண்டுகளை ஆப்ஷனாக வைக்கும்போது நான்கும் நம்பத்தகுந்ததாக இருக்கட்டும். ஜி.யு. போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது. இதற்கு 1885, 1886, 1887, 1888 என்று போடுவது கொடுமை, யாருக்கும் அவ்வளவு நினைவிருக்காது. 1812, 1886, 1921, 1954 என்றால் காலத்தை ஊகித்து வர முடியும்.

எதில் அனுப்புவது

டெலிகிராமில் போல் (poll, வாக்கெடுப்பு) உருவாக்கும்போது ‘க்விஸ்’ முறையைத் தேர்ந்தால் சரியான விடையை முன்பே குறிக்கலாம். விடை சொன்ன பிறகுதான் மற்றவர்களின் ஓட்டு விவரம் தெரியும், ஒருமுறை தொட்டதை மாற்ற முடியாது. தவறாகத் தொட்டவருக்கு நீங்கள் எழுதிவைத்த விளக்கம் தோன்றும். அந்த விளக்கத்துக்கு 200 குறியீடுதான் இடம். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ‘தமிழ்நாடு’ நமக்கு ஐந்து எழுத்து; கணினி புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி ஒன்பது என்று கணக்கு வைக்கும். ஆகவே 200 என்பது தமிழில் சுமார் 20 சொல். பெயர், ஆண்டு, ஒரு காரணம், அவ்வளவுதான் அடங்கும். நீண்ட விளக்கத்தைத் தனிச் செய்தியாகப் போடுங்கள். அனுப்பிய போலைத் திருத்த முடியாது. பிழை தெரிந்தால் நிறுத்தவோ அழிக்கவோதான் வேண்டும். எனவே அனுப்பும்முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

வாட்ஸப் வாக்கெடுப்பு வேறு மாதிரி. கருத்துக் கேட்கவே உண்டாக்கியது. யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஓட்டை மாற்றிக்கொள்ளவும் முடியும். முதலில் ஒரு கெட்டிக்காரர் போட்டால் பின்னால் வருபவர்கள் அவரையே பின்பற்றுவார்கள், தப்பாகிவிடுமோ என்று கூச்சப்படுபவர்கள் ஒதுங்குவார்கள். வாட்ஸப்பில்தான் நடத்த வேண்டும் என்றால் போலை விடுங்கள். கேள்வியை எழுத்தாகப் போட்டு, விடையை அட்மினுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். விடை நேரம் வரை ‘அட்மின் மட்டும் அனுப்பலாம்’ என்று குழுவைப் பூட்டிவைக்கலாம். ஐம்பது பேருக்குள் இது நடக்கும். இருநூறு பேர் என்றால் தனிச் செய்திகளை எண்ணியே பொழுது போய்விடும், டெலிகிராமுக்கு மாறுவது நல்லது. தனியாக விடை அனுப்பியவரின் எண்ணையும் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவது அநாகரிகம், குறிப்பாகத் தவறான விடைகளை.

கேள்விக்கு ஒரு நேரம், விடைக்கு ஒரு நேரம். காலை 7 மணிக்குக் கேள்வி, இரவு 8 மணிக்கு விடை என்பது தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் சரியாக வரும், இரண்டுக்கும் ஒரே கடிகாரம். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு இரவு 8 என்றால் அவர்களுக்கு 10:30. டொரண்டோ உறுப்பினர்களுக்கு நம் காலை 7 மணி முந்தைய நாள் இரவு. குழு கடல் தாண்டியிருந்தால் விடையை மறுநாள் கேள்வியோடு சேர்த்துத் தருவதே நியாயம்.

படக்கேள்வி போடுபவர்கள் மூன்றைப் பாருங்கள்: படத்துக்குள் பெயர்ப்பலகை இருக்கிறதா, கோப்பின் பெயரிலேயே விடை இருக்கிறதா, படத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டா. விக்கிமீடியா பொதுவகத்தில் பெரும்பாலான படங்களுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் போதும், ஆனால் குறிப்பிட வேண்டும்.

மதிப்பெண்ணும் தகராறும்

மதிப்பெண் பட்டியல் வைத்தால் மாதந்தோறும் சுழியத்திலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்தால் புதிதாக வருபவர் எட்டவே முடியாது என்று விட்டுவிடுவார். நெகட்டிவ் மார்க் கூடாது. பணப் பரிசும் கூடாது. பத்து ரூபாய் ரீசார்ஜ் என்று அறிவித்தாலும் அன்றிலிருந்து இரண்டாம் எண், மனைவி எண், மகன் எண் எல்லாம் விளையாடத் தொடங்கும்.

எழுத்தால் விடை வாங்கும்போது எழுத்துப்பெயர்ப்பில் தாராளமாக இருங்கள். ஷேக்ஸ்பியர், சேக்சுபியர், ஷேக்ஸ்பியர்ர் மூன்றும் ஒருவரே. ஆனால் ஆளை மாற்றும் பிழையை ஏற்கக் கூடாது: சி.வி. ராமனைக் கேட்டதற்கு ‘சந்திரசேகர்’ என்று வந்தால், அது நோபல் வாங்கிய இன்னொருவரின் பெயர். ராமனுக்கு 1930இல், சுப்ரமணியன் சந்திரசேகருக்கு 1983இல். மாற்று விடைக் கட்டத்தை முன்பே நிரப்பியிருந்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

விடையை யாராவது மறுத்தால் முதலில் ஆதாரம் கேளுங்கள், நீங்களும் உங்கள் ஆதாரத்தைப் பக்க எண்ணோடு போடுங்கள். அவர் சொல்வது சரியென்றால் அன்றே, அதே குழுவில், கேள்வி எண்ணைக் குறிப்பிட்டு ‘திருத்தம்’ என்று தனிச் செய்தி. இரண்டு விடைக்கும் இடமிருந்தால் இரண்டு பேருக்கும் மதிப்பெண். பழைய செய்தியை ஓசைப்படாமல் அழித்துவிடுவதுதான் மிக மோசமான வழி. யாரோ ஒருவர் முன்பே ஃபார்வர்டு செய்திருப்பார், தவறான விடை உங்கள் குழுவின் பெயரோடு ஊர் சுற்றும். திருத்தத்தை ஷீட்டிலும் எழுதி, அந்தக் கேள்வியின் வரிசைக்குச் சிவப்பு நிறம் அடித்துவிடுங்கள். ஓராண்டு கழித்து அதே கேள்வியை நீங்களோ உங்களுக்குப் பின் அட்மின் ஆனவரோ திரும்ப எடுக்கப்போவது நிச்சயம்.